வயது, குடும்பம், வருமானம்: முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவில் மூன்று சான்றுகள் – அடி அண்ணாமலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு முதியோர் தொடர்பான அரசு மருத்துவக் காப்பீட்டு ஏற்பாடுகள் இரண்டு. குடும்ப வருமானத்தை அளவுகோலாகக் கொண்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று. பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனாவின் கீழ் 70 வயதை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு 2024இல் செய்யப்பட்ட விரிவாக்கம் மற்றொன்று. முன்னது முதியவரைக் குடும்பத்தின் உறுப்பினராகக் காண்கிறது. பின்னது அவரைத் தனி உரிமையாளராகக் காண்கிறது. இரண்டிலும் தகுதி என்பது உடலின் நிலையைப் பொறுத்ததன்று. வயது, குடும்பம், வருமானம் ஆகியவற்றை மெய்ப்பிக்கும் ஆவணங்களைப் பொறுத்தது. அவ்வாவணங்கள் எவ்வாறு உருவாகின்றன, எங்கே பிழைபடுகின்றன, பதிவின்போது எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பவற்றை அடி அண்ணாமலை போன்ற ஓர் ஊரின் வாழ்நிலையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முதியோர், மருத்துவக் காப்பீடு, குடும்ப அட்டை, ஆதார், வயதுச் சான்று, அடி அண்ணாமலை.

முன்னுரை

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலாலும் மாணிக்கவாசகர் கோயிலாலும் அறியப்பட்ட இவ்வூர், நிலத்தில் உழைப்போர், பாதையோரத்தில் பூவும் தேநீரும் இளநீரும் விற்போர், பிற ஊர்களிலிருந்து வந்து மலையடியில் தங்கிவிட்ட துறவியர் எனப் பலவகை முதியோரைக் கொண்டது. இவர்களுள் பெரும்பாலோர்க்கு மாத ஊதியமோ பணியிட மருத்துவ வசதியோ இருந்ததில்லை. முதுமையில் ஏற்படும் ஓர் இடுப்பெலும்பு முறிவோ இதயக் குழாய் அடைப்போ குடும்பத்தைக் கடனில் ஆழ்த்திவிடக்கூடும். ஆதலால் அரசு மருத்துவக் காப்பீடு இவர்களுக்கு ஒரு கூடுதல் வசதியன்று. உயர் சிகிச்சைக்கான வாயில்.

இவ்வாயில் திறப்பதற்கு நோய் மட்டும் போதாது. இன்னார், இன்ன வயதினர், இன்ன குடும்பத்தினர், இவ்வளவு வருமானத்தினர் என்பதை ஆவணம் சொல்ல வேண்டும். காப்பீடு குறித்த விளக்கங்கள் பெரும்பாலும் தொகையையும் சிகிச்சைப் பட்டியலையும் முன்னிறுத்துகின்றன. பதிவில் முதியவர் தடுக்கி விழும் இடமோ ஆவணமாக இருக்கிறது. அவ்விடத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திட்டங்களின் வளர்ச்சி

தமிழ்நாட்டில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலை 23 அன்று தொடங்கப்பட்டது. அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஆண்டு வருமான உச்சவரம்பு 72,000 ரூபாய். மத்திய அரசு 2018 செப்டம்பர் 23 அன்று பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனாவைத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் அது மாநிலத் திட்டத்துடன் ஒருங்கிணைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. எஞ்சிய குடும்பங்களுக்குரிய செலவை மாநில அரசே ஏற்கிறது. 2022 ஜனவரியில் மாநிலத் திட்டம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது வருமான உச்சவரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது.

அடுத்த மாற்றம் 2024இல் நிகழ்ந்தது. வருமான வேறுபாடின்றி 70 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவருக்கும் காப்பீட்டை விரிவாக்க மத்திய அமைச்சரவை செப்டம்பர் 11 அன்று ஒப்புதல் அளித்தது. அக்டோபர் 29 அன்று அது தொடங்கப்பட்டது. இதற்கென வழங்கப்படுவது ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை ஆகும். நாடு முழுவதும் ஏறத்தாழ 4.5 கோடிக் குடும்பங்களைச் சேர்ந்த 6 கோடி முதியோர் இதனால் பயனடைவர் என மத்திய அரசு மதிப்பிட்டது.

இரு திட்டங்களுக்கும் பொதுவான கூறுகள் சில உள. பயனாளி காப்பீட்டுக் கட்டணம் செலுத்துவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கையில் பணம் கொடாமல் சிகிச்சை பெறலாம். தனியார் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் விதிக்க இடமுண்டு. ஜன் ஆரோக்கிய யோஜனாவில் அத்தகைய காத்திருப்பு இல்லை. பதிவுசெய்த நாளிலிருந்தே பழைய நோய்க்கும் சிகிச்சை உண்டு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நெடுநாள் உடனிருக்கும் முதியோர்க்கு இவ்வேறுபாடு முதன்மையானது.

முதற்சான்று: வயது

வய வந்தனா அட்டைக்குரிய ஒரே தகுதி வயது. அவ்வயது ஆதாரில் பதிவாகியுள்ள பிறந்த நாளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. இங்கே ஒரு வரலாற்று முரண் உள்ளது. 2024இல் 70 வயது நிறைந்தவர் 1954ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ பிறந்தவர். பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதும் ஒரே முறைக்குள் கொண்டுவந்த சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரும் பிறப்புப் பதிவேடுகள் இருந்தன என்றாலும், வீட்டில் பிறந்து பள்ளி செல்லாது வளர்ந்த ஒருவர், குறிப்பாக ஒரு பெண், தம் பிறப்புக்கு எழுத்துச் சான்று வைத்திருப்பது அரிது. வயதையே தகுதியாகக் கொண்ட திட்டம், வயதுக்குச் சான்றற்ற தலைமுறையை நோக்கி வந்துள்ளது. 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறக்கும் குழந்தைக்கோ பிறப்புச் சான்றிதழ் ஒன்றே வயதுச் சான்றாகப் போதும் எனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. எழுபதாண்டு இடைவெளியில் சமூகம் கடந்த தொலைவை இது காட்டும்.

ஆதார்ப் பதிவில் பிறந்த நாள் மூவகையாகக் குறிக்கப்படுகிறது: ஆவணத்தால் சரிபார்க்கப்பட்டது, பதிவுசெய்பவர் தாமே கூறியது, வயதைக் கொண்டு தோராயமாகக் கணிக்கப்பட்டது. கிராமத்து முதியோர் பலரின் பிறந்த நாள் பின்னிரு வகைகளில் அமைவது இயல்பு. சொந்த வயதை அறியாதவர்கள் என்று இவர்களைக் கருதுதல் பிழை. அவர்கள் அறிந்த கணக்கு வேறு. ‘ஜய வருடம் கார்த்திகையில் பிறந்தேன்’ என்று ஒருவர் கூறின் அது 1954 நவம்பர்–டிசம்பரைக் குறிக்கும் துல்லியமான செய்தி. 2014 சித்திரையில் ஜய ஆண்டு மீண்டும் வந்தபோது அவருக்கு அறுபது நெருங்கியதை உறவினரும் அறிவர். அதே ஜய ஆண்டின் தை, மாசி, பங்குனியில் பிறந்தவரோ ஆங்கிலக் கணக்கில் 1955ஐச் சேர்ந்தவர். இக்கணக்கு ஆங்கில ஆண்டாக மாற்றப்படாமல், பதிவாளர் முகம் பார்த்து ‘அறுபது இருக்கும்’ என எழுதியிருப்பின், ஆவணத்தில் முதியவர் சில ஆண்டுகள் இளையவராகிவிடுகிறார். அச்சில ஆண்டுகளே அட்டைக்கும் அவருக்கும் இடைப்பட்ட தொலைவாகின்றன.

ஆதாரில் பிறந்த நாளைத் திருத்துவதற்குப் பொதுவாக ஒருமுறையே வாய்ப்பு உண்டு. அதற்கும் ஏற்கத்தக்க ஆவணம் வேண்டும். ஆகவே கையிலுள்ள பழைய தாள்களை எல்லாம் ஒப்புநோக்கி, மெய்ப்பிக்கக்கூடிய நாள் எது என்று உறுதிசெய்த பின்னரே திருத்தத்திற்கு விண்ணப்பித்தல் தக்கது. காப்பீட்டுக்காக வயதைக் கூட்டிக் காட்டும் முயற்சி, ஓய்வூதியம் முதலிய பிற ஆவணங்களுடன் முரண்பட்டு இருப்பதையும் இழக்கச் செய்யும்.

இரண்டாம் சான்று: குடும்பம்

மாநிலத் திட்டத்தில் காப்பீட்டின் அலகு குடும்பம். தகுதியுடையவர், அவருடைய வாழ்க்கைத் துணை, அவரைச் சார்ந்த பிள்ளைகள், அவரைச் சார்ந்த பெற்றோர் ஆகியோர் குடும்பத்தில் அடங்குவர். இவ்வுறவினருள் ஒருவரது பெயர் குடும்ப அட்டையில் இருப்பின் அவர் குடும்ப உறுப்பினர் என்றே கொள்ளப்படுவார். வேறு உறுதிப்பாடு தேவையில்லை என்பது திட்டத்தின் விதி. இவ்விதி முதியோருக்கு நன்மையும் இடரும் ஒருங்கே தருவது.

எடுத்துக்காட்டாக, கணவரை இழந்த 66 வயதுப் பெண்மணி ஒருவர் மகன் வீட்டில் வாழ்வதாகக் கொள்வோம். அவர் பெயர் மகனது குடும்ப அட்டையில் இருந்து, அக்குடும்பமும் திட்டத்தில் பதிவாகியிருப்பின் அவருக்குக் காப்பீடு உண்டு. ஆனால் கிராமங்களில் முதியோர் தனியாக ஓர் அட்டை பெற்றுக்கொள்வதும் உண்டு. அவ்வாறு பெயர் பிரிந்த பின்னரும் ‘மகனுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அதுவே எனக்கும் போதும்’ என்ற எண்ணம் தொடர்கிறது. ஒரே அடுப்பில் உண்பவர்கள் ஆவணத்தில் இரு குடும்பத்தினர் என்பது மருத்துவமனைச் சேர்க்கையின்போதுதான் தெரியவருகிறது. குடும்ப அட்டையில் நிகழும் ஒவ்வொரு பெயர் நீக்கமும் சேர்ப்பும் காப்பீட்டையும் தொடுகிறது.

வய வந்தனா அட்டை இச்சார்பிலிருந்து முதியவரை விடுவிக்கிறது. ஏற்கெனவே ஜன் ஆரோக்கிய யோஜனாவின் கீழுள்ள குடும்பத்தில் 70 வயது கடந்தவருக்கு ஆண்டுக்கு மேலும் 5 லட்சம் ரூபாய் தனியே கிடைக்கிறது. குடும்பத்தின் இளையோர் அதில் பங்கு கொள்ள இயலாது. அக்குடும்பம் இதற்குமுன் எத்திட்டத்திலும் இல்லையெனில், அதிலுள்ள 70 வயது கடந்தோர்க்கு மட்டும் 5 லட்சம் ரூபாய் கிடைக்கும். இங்கே இரு குறிப்புகள் கவனத்திற்குரியன. கணவன், மனைவி இருவரும் 70 வயதைக் கடந்திருப்பின் தொகை இருவருக்கும் பொதுவானது. ஆளுக்கு 5 லட்சம் அன்று. கணவர் 72 வயதினராகவும் மனைவி 64 வயதினராகவும் இருப்பின் கணவரது அட்டை மனைவிக்குப் பயன்படாது.

துறவியரின் நிலை தனித்தது. குடும்பத்தைத் துறந்தவருக்குக் குடும்ப அட்டை எங்ஙனம் அமையும்? கிரிவலப் பாதையில் வாழும் துறவியருள் பிற மாவட்டத்தவரும் பிற மாநிலத்தவரும் உளர். குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்ட திட்டம் இவர்களை எட்டுதல் கடினம். ஆதாரையும் வயதையும் மட்டுமே வினவும் திட்டம், ஆதார் உடைய 70 வயதுத் துறவியைக் கொள்கையளவில் ஏற்கிறது. எனினும் 70க்குக் குறைந்தவர்க்கு இவ்வழியும் இல்லை.

மூன்றாம் சான்று: வருமானம்

ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்பது மாதத்திற்கு 10,000 ரூபாய். மகன் செய்யாறு சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறுவாராயின் அக்குடும்பம் உச்சவரம்பைக் கடந்துவிடும். அவ்வட்டையில் பெயருள்ள தாய்க்கு ஒரு ரூபாய் வருமானமும் இல்லாதபோதும் மாநிலத் திட்டத்தின் வாயில் மூடுகிறது. மகன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில் உறுப்பினராக இருந்தால் அவரைச் சார்ந்த பெற்றோர்க்கு அவ்வழியே மருத்துவ உதவி கிடைக்கக்கூடும். ஒப்பந்தப் பணியாளராகப் பதிவின்றி உழைத்தால் அதுவும் இல்லை.

இங்கே வெளிப்படுவது அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பத்தாண்டு இடைவெளி. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007, அறுபது வயது நிறைந்தவரை மூத்த குடிமகன் என்கிறது. முதியோர் ஓய்வூதியமும் அறுபதையே தொடக்கமாகக் கொள்கிறது. காப்பீட்டில் மட்டும் முதுமை எழுபதில் தொடங்குகிறது. அறுபதைக் கடந்து எழுபதை எட்டாத முதியவர், தம் வருமானத்தால் அன்றி மகனது வருமானத்தால் அளக்கப்படுகிறார். உடலுழைப்பால் வாழ்ந்தோர்க்கு மூட்டுத் தேய்வும் கண்புரையும் இதய நோயும் பெரிதும் வெளிப்படுவது இப்பத்தாண்டில்தான். திட்டங்களின் வடிவமைப்பில் தீர்க்கப்படாத வினா இது.

பதிவு நடைமுறை

மாநிலத் திட்டத்தில் சேர மூன்று ஆவணங்கள் அடிப்படை: குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் அல்லது வருவாய்த் துறையினர் வழங்கும் வருமானச் சான்று. இவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்தை அணுக வேண்டும். அடி அண்ணாமலையினர்க்கு அது வேங்கிக்காலில் அமைந்த ஆட்சியர் அலுவலகம். அங்கே நிழற்படமும் கைரேகையும் பதியப்பட்டு அட்டை எண் வழங்கப்படுகிறது. மாநிலத் திட்டத்திற்குரிய கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.

வய வந்தனா அட்டைக்கு ஆயுஷ்மான் செயலி வழியாகவோ தேசிய சுகாதார ஆணையத்தின் பயனாளர் தளம் வழியாகவோ பதிவுசெய்யலாம். தேவையான ஆவணம் ஆதார் ஒன்றே. கட்டணமில்லா எண் 14555. மத்திய அரசு ஊழியர், முன்னாள் படைவீரர் முதலியோர்க்கான மருத்துவத் திட்டங்களில் இருப்போர் ஏதேனும் ஒன்றைத் தெரிவுசெய்தல் வேண்டும். தனியார் காப்பீடு உடையோரும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்போரும் எதையும் விடாமலே இதில் சேரலாம். எந்த மருத்துவமனை எந்த அட்டையின்கீழ் எந்தச் சிகிச்சையை அளிக்கிறது என்பதைச் சேர்க்கைக்கு முன்னரே அம்மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறிதல் இன்றியமையாதது.

பதிவில் நேரும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் மூன்று வகையின. முதலாவது கைரேகை. மண்ணிலும் கல்லிலும் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்பதில்லை. அப்போது கருவிழி, முகம், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகிய மாற்றுவழிகள் ஆயுஷ்மான் பதிவில் உண்டு. இவற்றை அறியாமல் முதியவர் வீடு திரும்பிவிடுதல் கூடாது. இரண்டாவது கைப்பேசி எண். ஆதாருடன் இணைந்த எண் சென்னையிலோ திருப்பூரிலோ பணிபுரியும் பேரனுடையதாக இருக்கலாம்; கடவுச்சொல் அங்கே சென்றுவிடும். பதிவு நாளில் அவர் தொலைபேசியில் கிடைக்குமாறு பார்த்துக்கொள்வது எளிய தீர்வு. மூன்றாவது பெயர். ஓர் ஆவணத்தில் ‘லட்சுமி’, இன்னொன்றில் ‘லெட்சுமி அம்மாள்’. ஒன்றில் தந்தையின் தலைப்பெழுத்து, இன்னொன்றில் கணவரின் தலைப்பெழுத்து. தமிழ்ப் பெயரிடு மரபில் இவை இயல்பானவை. கணினிக்கோ இவை வெவ்வேறு நபர்கள். நோய் வருமுன் ஆவணங்களை ஒருங்கே வைத்து ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் களைதல் நலம்.

காப்பீட்டின் எல்லைகள்

இத்திட்டங்கள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியன. ஜன் ஆரோக்கிய யோஜனாவில் சேர்க்கைக்கு முந்தைய 3 நாள்களின் பரிசோதனைச் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்குரிய மருந்துச் செலவும் அடங்கும். அன்றாட மாத்திரைகளும் புறநோயாளிச் செலவும் இதில் அடங்கா. முதியோரின் மருத்துவச் செலவில் நாள்தோறும் உண்ணும் மாத்திரைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்கு அரசு மருத்துவமனைகளும், 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பெற்று மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் துணை செய்கின்றன. காப்பீடு பெருநோய்க்கு, இவை நெடுநோய்க்கு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கும்போது பதிவு எதற்கு என்ற வினாவும் எழுகிறது. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தின்கீழ் சிகிச்சைக்குரிய தொகையைக் காப்பீட்டிலிருந்து பெறுகின்றன. அது அம்மருத்துவமனையின் வளர்ச்சிக்கு உதவுகிறது. மேலும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயலாத ஒரு சிகிச்சைக்கு வேறு நகரின் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையை நாட நேரின், அட்டை இல்லாதவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டியிருக்கும். அட்டை இருந்தும் பணம் கேட்கப்பட்டால் மேற்குறித்த எண்களிலும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர் குழுவிடமும் முறையிடலாம். செலுத்திய தொகைக்கு இரசீது பெற்று வைத்திருத்தல் முறையீட்டிற்கு அடிப்படை.

முடிவுரை

அரசு மருத்துவக் காப்பீட்டில் முதியவரின் தகுதி, அவர் கையில் இல்லாத மூன்று சான்றுகளில் தங்கியுள்ளது. வயது, பிறர் கணித்து எழுதியது; குடும்பம், அட்டையில் எவரோ சேர்த்தது அல்லது நீக்கியது; வருமானம், பெரும்பாலும் மகனுடையது. 2024ஆம் ஆண்டின் விரிவாக்கம் குடும்பம், வருமானம் என்னும் இரண்டையும் விலக்கி முதியவரைத் தம்மளவில் உரிமையாளராக்கியது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆனால் எஞ்சிய ஒரு சான்றின் மீது முழுச் சுமையும் ஏறியுள்ளது. அச்சான்று இத்தலைமுறைக்குச் சரியாக எழுதப்படவில்லை. அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டோரின் நிலையும் விடையின்றி நிற்கிறது.

செயலளவில் பெறப்படுவது ஒன்று. பதிவு என்பது நோயுற்ற பின் செய்யத்தக்கதன்று. ஆதாரிலுள்ள பிறந்த நாள், குடும்ப அட்டையிலுள்ள பெயர், இரண்டின் எழுத்தொற்றுமை ஆகியவற்றை நலமாக இருக்கும்போதே சரிபார்த்தல் வேண்டும். படித்த பேரனோ பேத்தியோ ஒரு முற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. அவ்வாறு உதவுவார் இல்லாத முதியோர்க்கு, அவர்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் செல்வதற்கு மாறாகப் பதிவு அவர்களுடைய ஊரை நோக்கி வருதலே முறையாகும்.